ஐபோன்காரர்கள்தான் அதிகம் புகைப்பழக்கத்தை விடுகிறார்களா? செயலித் தரவை எப்படிப் படிப்பது

வேப்பமரம்:

வணக்கம். புகைப்பழக்கத்தை விட உதவும் தமிழ்ச் செயலி ஒன்றின் முன்னோட்ட ஆய்வில் தரவுப் பணி பார்க்கிறேன். 28 நாள் திட்டம். நாளைக்கு நான்கு நினைவூட்டல், ஒவ்வொன்றும் வேறு வேறு வாசகம், நான்கும் போனுக்குள்ளேயே நேரம் குறித்து வைத்தவை. புகைத்தாரா இல்லையா என்பதைப் பயனரே செயலியில் குறிக்கிறார். பதில் வராவிட்டால் "புகைக்கிறார்" என்று எடுத்துக்கொள்கிறோம்.

போன் வகைப்படி பிரித்துப் பார்த்ததில், 28-ஆம் நாளில் "புகைக்கவில்லை" என்றவர்கள் ஐபோன் பக்கம் தெளிவாகக் கூடுதல். குழுவில் ஒரு சாரார் இதை அறிக்கையில் ஒரு முடிவாகவே எழுதலாம் என்கிறார்கள். இன்னொரு சாரார் போன் வகை தேவையில்லாத குழப்பம், அந்தப் பத்தியையே நீக்கிவிடலாம் என்கிறார்கள்.

போன் வகையை எப்படிக் கையாள்வது? அதோடு சேர்த்து வேறு எவற்றைப் பதிவு செய்ய வேண்டும்? அடுத்த கட்டத்தை ஆண்ட்ராய்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் பிரச்சினை தீருமா?

எண்கணக்கன்:

முடிவாக எழுதவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். போன் யாரையும் புகைப்பழக்கத்தை விட வைக்காது. ஆனால் உங்களிடம் வந்தவர்கள் யார், வந்தவர்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்ற இரண்டுக்கும் அது நல்ல தடயம். தடயத்தை அழித்துவிட்டால் பிறகு தேட முடியாது.

முதலில் வந்தவர்கள். நம் ஊரில் ஐபோன் என்றாலே வருமானம், படிப்பு, வேலை எல்லாம் கூடவே வருகின்றன. இவை நிகோடின் சார்போடும், அதாவது ஒருவர் நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்பதோடும், பின்னிக் கிடக்கின்றன. அதனால் சேரும் அன்றே சார்பின் அளவைக் கேட்டாக வேண்டும். பெரிய படிவம் தேவையில்லை, ஹெச்.எஸ்.ஐ. என்ற இரண்டு கேள்வி அளவுகோல் போதும். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3, 6 முதல் 30 என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, அதற்கு மேல் 0. நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, 31-உம் மேலும் 3. கூட்டினால் 0 முதல் 6 வரை வரும்.

இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஐபோன் 400 பேர், அதில் சார்பு குறைந்தவர் 300, மிகுந்தவர் 100. ஆண்ட்ராய்டு 600 பேர், அதில் குறைந்தவர் 200, மிகுந்தவர் 400. எந்தப் போனாக இருந்தாலும் சார்பு குறைந்தவர்களில் 30 சதவீதமும் மிகுந்தவர்களில் 10 சதவீதமும் விடுகிறார்கள் என்று வையுங்கள். ஐபோனில் 90 + 10 = 100 பேர், அதாவது 25 சதவீதம். ஆண்ட்ராய்டில் 60 + 40 = 100 பேர், அதாவது 16.7 சதவீதம். போனால் துளி வேறுபாடும் இல்லாத இடத்தில் எட்டுப் புள்ளி வேறுபாடு கிளம்பிவிட்டது. உங்கள் அட்டவணையில் தெரிவதும் இதுவாக இருக்கலாம்.

அடுத்தது, பதில் சொன்னவர்கள். பதில் வராதவரைப் புகைப்பவராகக் கொள்வது சரியான வழக்கம்தான், புகைவிடுதல் ஆய்வுகளுக்கான ரஸ்ஸல் தரநிலையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இரு பக்கமும் பதில் விகிதம் வேறு வேறாக இருந்தால் அந்த வழக்கமே வேறுபாட்டை உண்டாக்கிவிடும். ஐபோனில் 100-க்கு 70 பேரும் ஆண்ட்ராய்டில் 100-க்கு 40 பேரும் பதில் சொல்லி, இரு பக்கமும் பதில் சொன்னவர்களில் 20 சதவீதம் விட்டிருந்தால், உங்கள் அட்டவணையில் 14-உம் 8-உம் வரும். எனவே விட்டவர் விகிதத்துக்குப் பக்கத்திலேயே பதில் விகிதத்தையும் போன் வகைப்படி போடுங்கள். செயலி ஆய்வுகளில் இது சின்ன விஷயம் இல்லை. பிரிட்டனின் ஸ்மோக் ஃப்ரீ செயலியை வைத்து 28,112 பேரிடம் நடந்த ஆய்வில் மூன்று மாதம் கழித்துப் பதில் தந்தவர்கள் 8.5 சதவீதம்தான். அமெரிக்காவில் ஐகேன்குவிட், குவிட்கைடு என்ற இரு செயலிகளை 2,415 பேரிடம் ஒப்பிட்டு 2020-இல் வெளியான ஆய்வில் 12 மாதம் கழித்தும் 87 சதவீதம் பேர் பதில் தந்தார்கள். புகைப்பதை விட்டவர்கள் ஐகேன்குவிட்டில் 28.2 சதவீதம், குவிட்கைடில் 21.1. இந்த எண்ணை நம்பிப் பேச முடிவதற்கு அந்த 87 ஒரு முக்கியக் காரணம்.

ஆண்ட்ராய்டுக்கு மட்டும் நடத்தலாமா என்று கேட்டீர்கள். நடத்தலாம், தப்பில்லை, நடத்தியும் இருக்கிறார்கள். பிரிட்டனில் குவிட் சென்ஸ் என்ற செயலி, பயனர் எந்தெந்த இடத்தில் புகைக்கிறார் என்று கற்றுக்கொண்டு, அந்த இடத்துக்குள் அவர் நுழையும்போது செய்தி அனுப்பும். அதன் ஆய்வில் ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். 209 பேர். ஆறு மாதத்தில் உயிர்வேதிச் சோதனையோடு உறுதியான விடுதல் 11.5 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 2.9. இதற்கு நேர்மாறாக, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மூன்று நாட்டிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோர் வழியாக மட்டும் ஆள் சேர்த்து, புகைப்பழக்கத்தை விட உதவும் செயலிகளைத் தேடி வருபவர்கள் யார் என்று பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது. ஒன்றின் ஆட்களை மற்றதன் ஆட்களோடு வைத்துப் பேச முடியாது. வாசலே வேறு. ஆண்ட்ராய்டு மட்டும் என்று போனால் இந்த ஒப்பீட்டுச் சிக்கல் மறையும், ஆனால் அறிக்கையின் தலைப்பிலேயே "ஆண்ட்ராய்டு பயனர்களிடம்" என்று இருக்க வேண்டும். எங்கோ கடைசிப் பக்கத்து வரம்புகள் பத்தியில் ஒளித்து வைக்கக் கூடாது.

இன்னொன்று. "ஆண்ட்ராய்டு" என்பது ஒரு குழுவே இல்லை. எட்டாயிரம் ரூபாய் போனும் எண்பதாயிரம் ரூபாய் போனும் ஒரே பத்தியில் விழுகின்றன. மாடல் பெயரையும் ஓ.எஸ். (இயங்குதளம்) பதிப்பையும் சேமியுங்கள். விலைப்படி மூன்று அடுக்காகப் பிரித்தால், ஐபோனுக்கும் உயர்விலை ஆண்ட்ராய்டுக்கும் இடையே வேறுபாடு கரைகிறதா என்று பார்க்கலாம். கரைந்தால் அது பணத்தின் வேலை. கரையாமல் நின்றால் மென்பொருள் பக்கம் தேட வேண்டும்.

பின்னணிச்சேவை:

மேலே சொன்னதெல்லாம் சரி. மென்பொருள் பக்கம் என்ன தேடணும்னு நான் சொல்றேன். ஒரே ஆப், ஒரே வாசகம், ஒரே நேரம்னு நீங்க நினைக்கிறீங்க. பயனர் கைக்குப் போறது ஒண்ணா இருக்காது.

ஆண்ட்ராய்டு 13 வந்ததிலிருந்து புதுசா நிறுவுற ஆப்புக்கு அறிவிப்பு அனுமதி தானா கிடைக்காது, கேட்டு வாங்கணும். முதல் திரையிலேயே பெட்டி வந்தா நிறைய பேர் பழக்கதோஷத்துல மறுத்துடுவாங்க. ரெண்டு தடவை மறுத்தா அப்புறம் பெட்டியே வராது, அமைப்புகளுக்குள்ள போய்த்தான் திறக்கணும். ஐபோன்ல ஒரு தடவை மறுத்தாலே அந்த நிலைதான். அதனால விடும் தேதியைக் குறிச்ச பிறகு, "இந்தத் தேதிக்கு முந்தின நாள் நினைவூட்டட்டுமா?"ன்னு நம்ம திரையில முதல்ல கேட்டுட்டு, ஆமான்னா மட்டும் ஓ.எஸ். பெட்டியைத் திறங்க.

அனுமதி கிடைச்சாலும் நேரத்துக்குப் போகணுமே. ஆண்ட்ராய்டு 6-இலிருந்து டோஸ் (Doze)னு ஒரு பேட்டரி சேமிப்பு முறை இருக்கு. திரை அணைஞ்சு போன் அசையாம கிடந்தா சாதாரண அலாரத்தையெல்லாம் தள்ளிப்போட்டு மொத்தமா விடும். சரியான நிமிடத்துல அடிக்கிற அலாரத்துக்குத் தனி அனுமதி வேணும், ஆண்ட்ராய்டு 14-ல புதுசா நிறுவினா அது மறுக்கப்பட்ட நிலையிலதான் ஆரம்பிக்கும். புகைக்கணும்ங்கிற வேகம் சில நிமிஷத்துல தணிஞ்சிடும். சாப்பாட்டுக்கு அப்புறம் 1:30-க்கு வர வேண்டிய செய்தி 2:10-க்கு வந்தா, அது உதவி இல்லை, மறந்திருந்ததை ஞாபகப்படுத்தி விடுற வேலை.

இதுக்கு மேல, ஒரு ஆப்பை எவ்வளவு திறக்கிறாங்கன்னு பார்த்து ஆண்ட்ராய்டு அதை ஒரு வாளியில (bucket) போடும், கீழ் வாளின்னா பின்னணி வேலைக்குக் கட்டுப்பாடு அதிகம். திறக்காதவங்க போன்ல ஆப்பைப் படிப்படியா கீழ் வாளிக்குத் தள்ளும். கடைசி வாளி, ஆண்ட்ராய்டு 12-ல வந்த கட்டுப்படுத்தப்பட்ட வாளி. அதுல நாளைக்கு ஒரு அலாரம்தான். யாருக்கு நினைவூட்டல் அதிகம் தேவையோ அவருக்குத்தான் குறையுது. சியோமி, விவோ, ஒப்போ, ரியல்மி போன்களில் இதுக்கும் மேல கம்பெனி தன் பங்குக்குப் போட்ட பேட்டரி மேலாண்மை. ஆட்டோஸ்டார்ட் (தானா ஆரம்பிக்கிற) அனுமதி இல்லாத ஆப்பைப் பின்னணியில கொன்னுடும். போன் அணைச்சுப் போட்டா, குறிச்சு வச்ச அலாரமெல்லாம் போயிடும், ஆட்டோஸ்டார்ட் இல்லேன்னா திரும்பக் குறிக்கவும் முடியாது. முன்னோட்டத்துல இந்த நாலு கம்பெனியிலயும் ஒவ்வொரு மலிவு மாடலை வாங்கி மேசையில ராத்திரி முழுக்க சும்மா போட்டு சோதிங்க. கம்ப்யூட்டர்ல போன் மாதிரி ஓடுற எமுலேட்டர்ல இது எதுவுமே தெரியாது.

ஐபோன் பக்கம் சுத்தம்னு நினைச்சுடாதீங்க. போனுக்குள்ளேயே நேரம் குறிச்சு வைக்கிற அறிவிப்புகள்ல ஐ.ஓ.எஸ். ஒரு ஆப்புக்கு 64 மட்டும்தான் வச்சுக்கும், சீக்கிரம் வர வேண்டிய 64. உங்க கணக்கு நாளைக்கு 4, 28 நாளைக்கு 112. மொத்தத்தையும் முதல் நாளே குறிச்சிருந்தா 16-ஆம் நாளோட தீர்ந்தது. நடுவுல ஆப்பைத் திறந்தவங்களுக்கு மறுபடி குறிக்கிற மாதிரி எழுதியிருந்தா தப்பிச்சீங்க. திறக்காதவங்களுக்கு 17-ஆம் நாளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை, பிழைச் செய்தியும் வராது. உங்க ஐபோன் பதிவுல 17-ஆம் நாள் ஏதாவது சரிவு இருக்கான்னு இன்னைக்கே பாருங்க.

அதனால பதிவு செய்ய வேண்டியது: ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அறிவிப்பு அனுமதியோட நிலை, பேட்டரி விலக்கு இருக்கா இல்லையா, எந்த வாளி. ஆண்ட்ராய்டுல குறிச்ச நேரமும் உண்மையில காட்டின நேரமும் ரெண்டையும் எழுதி வைக்கலாம், வித்தியாசம்தான் தாமதம். ஐபோன்ல உள்ளூர் அறிவிப்பு (போனுக்குள்ளேயே குறிச்சது) எப்ப காட்டப்பட்டதுன்னு ஆப்புக்கு நம்பகமாத் தெரியாது. சர்வர்லேர்ந்து அனுப்பி, அறிவிப்பு வந்ததும் ஓடுற சர்வீஸ் எக்ஸ்டென்ஷன்ங்கிற ஆப்போட துணைப் பகுதியில நேரத்தைப் பதிஞ்சா கிடைக்கும். அளக்கிற முறையே ரெண்டு பக்கமும் வேற, அதையும் அறிக்கையில எழுதுங்க.

ஆளை அடையாளம் காண போனோட ஐடியை நம்பாதீங்க. ஐபோன்ல ஆப்பை நீக்கிட்டு மறுபடி போட்டா விற்பனையாளர் ஐடி (ஆப் தயாரிச்சவருக்கு ஐ.ஓ.எஸ். தர்ற போன் அடையாளம்) மாறிடும், உங்க வேற ஆப் அதே போன்ல இருந்தாலொழிய. ஆண்ட்ராய்டுல தானியங்கி காப்பு இருந்தா பழைய விடும் தேதி புதுப் போனுக்கும் வந்து உக்காரும், புதுசா ஆரம்பிச்சவர் "40 நாள் ஆச்சு"ன்னு பார்ப்பார். கைபேசி எண்ணை ஓ.டி.பி. வச்சு சரிபார்த்து அதையே ஆய்வு எண்ணோட கட்டுங்க.

குவிட் சென்ஸ் மாதிரி இட அடிப்படையில போகணும்னு ஆசை வந்தா: ஐ.ஓ.எஸ். ஒரு ஆப்புக்கு வரைபடத்துல 20 வட்டம் கண்காணிக்கும், ஆண்ட்ராய்டு 100. வட்டத்தோட ஆரம் 100 மீட்டருக்குக் கீழே வைக்காதீங்க. ஆண்ட்ராய்டுல பின்னணியில இருக்கும்போது சராசரியா 2-3 நிமிஷத் தாமதம், போன் ரொம்ப நேரம் அசையாம இருந்தா 6 நிமிஷம் வரை போகும். தெருமுனை டீக்கடைக்கு 100 மீட்டர் வட்டம் போட்டா பக்கத்து வீடும் அதுக்குள்ள வந்துடும்ங்கிறதையும் யோசிச்சுக்குங்க.

மறுவாழ்வு_மதுரை:

நீங்க மூணு பேரும் ஐபோனா ஆண்ட்ராய்டான்னு பேசுறீங்க. புகையிலை விடுவிப்பு மையத்துக்கு வர்றவங்கள்ல எத்தனையோ பேர் கையில ரெண்டும் கிடையாது. பட்டன் போன், இல்லேன்னா ஜியோபோன். அதுல உங்க ஆப் ஏறாது. ஆக, போன் வகைங்கிற பத்தியில மூணாவது வகை ஒண்ணு இருக்கு, அது உங்க தரவுலயே வராத வகை.

2016-17 தேசிய புகையிலைக் கணக்கெடுப்பைப் பாருங்க. பெரியவங்கள்ல 28.6 சதவீதம் ஏதோ ஒரு வடிவத்துல புகையிலை எடுக்கிறாங்க, தமிழ்நாட்டுல 20. நாடு முழுக்கப் புகைக்கிறவங்க 10.7, மெல்லுறதும் ஒதுக்குறதும் 21.4. புகையிலயும் பீடி 7.7, சிகரெட் 4. அதாவது சிகரெட்டை மட்டும் கேட்கிற ஆப், சின்ன மூலையை மட்டும் பிடிக்குது. அந்த மூலையிலதான் ஐபோன்காரங்க அதிகம் இருப்பாங்க.

எண்கணக்கன் சார் சொன்ன ரெண்டு கேள்வி நல்ல கேள்விங்க. ஆனா "நாளைக்கு எத்தனை"ங்கிறதை பீடிக்கு அப்படியே போடாதீங்க. பீடியில புகையிலை கம்மி, அதே சமயம் அணையாம இருக்க அடிக்கடி இழுத்துக்கிட்டே இருக்கணும். பதினஞ்சு பீடியும் பதினஞ்சு சிகரெட்டும் ஒண்ணுன்னு மதிப்பெண் போட முடியாது. எழுந்து எத்தனை நிமிஷத்துலங்கிற முதல் கேள்வியைத் தனியா வச்சுப் பாருங்க, அது பீடி, சிகரெட், ஹான்ஸ் (வாயில ஒதுக்குற புகையிலை) எல்லாத்துக்கும் கேட்கலாம். எண்ணிக்கையைக் கேட்கும்போது வகையையும் சேர்த்துக் கேளுங்க. ரெண்டும் சேர்த்து எடுக்கிறவங்க நிறைய. சிகரெட்டை விட்டுட்டு ஹான்ஸுக்குத் தாவினவரை உங்க ஆப் "வெற்றி"ன்னு காட்டும்.

சேமிப்புக் கணக்குல "பாக்கெட் விலை என்ன, பாக்கெட்ல எத்தனை"ன்னு கேட்கிற ஆப் நிறைய. பெட்டிக்கடையில ஒண்ணு ரெண்டா சில்லறைக்கு வாங்குறவர் அதுல என்ன போடுவார்? வாய்க்கு வந்ததைப் போடுவார், இல்ல அந்தத் திரையிலேயே ஆப்பை மூடிடுவார். "ஒண்ணு என்ன விலைக்கு வாங்குறீங்க"ன்னு கேளுங்க. பீடிக்கு "ஒரு கட்டு எத்தனை நாளைக்கு வரும்"னு கேளுங்க.

அப்புறம் பூட்டுத் திரை. "புகைக்கத் தோணுதா?"ன்னு பூட்டின திரையிலேயே எழுத்து தெரிஞ்சா, போனைக் கையில எடுத்த அப்பாவோ வீட்டுக்காரம்மாவோ படிச்சுடுவாங்க. வீட்டுக்குத் தெரியாம புகைக்கிறவங்கதான் இளவட்டத்துல அதிகம். அவங்க முதல் நாளே ஆப்பைத் தூக்கிடுவாங்க, நீங்க அதை "ஆர்வமில்லை"ன்னு எழுதி வைப்பீங்க. வீட்டுக்கே ஒரு போன்னு இருக்கிற இடத்துல இது இன்னும் மோசம். பூட்டுத் திரையில உள்ளடக்கத்தை மறைச்சு, "இன்றைய குறிப்பு தயார்"னு மட்டும் காட்டுங்க. ஆப்போட சின்னத்துல சிகரெட் படம் வேண்டாம்.

ஆப் ஏறாதவங்களுக்கு வழி ஏற்கெனவே இருக்கு. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல தொடங்கின எம்-செசேஷன், 011-22901701-க்கு மிஸ்டு கால் கொடுத்தா எஸ்.எம்.எஸ். வரும். ஆலோசகரோட பேச தேசிய குவிட்லைன் 1800-11-2356. தமிழ்ல பேச பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் இருக்கு. 2018 செப்டம்பர்லேர்ந்து புகையிலைப் பாக்கெட்டு மேலேயே அந்தக் குவிட்லைன் எண் அச்சாகுது. ஆப்போட முதல் திரையிலயும் அதைப் போட்டு வைங்க, தொட்டா அழைப்பு போற மாதிரி.

எண்கணக்கன்:

மறுவாழ்வு மதுரை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குறுஞ்செய்திக்கு இருக்கும் சான்று செயலிக்கு இருப்பதைவிடக் கெட்டி. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019 காக்ரேன் திறனாய்வில் தானியங்கிக் குறுஞ்செய்தி, குறைந்தபட்ச உதவியோடு ஒப்பிட்டால் விடும் வாய்ப்பை 1.54 மடங்காக்கியது. அதே திறனாய்வில் செயலிகள் பற்றிய ஐந்து ஆய்வுகளைச் சேர்த்தபோது 1.00 வந்தது, நம்பகமும் குறைவு. ஐகேன்குவிட் முடிவு அதற்குப் பிறகு வந்ததுதான். ஆனாலும் பட்டன் போன்காரருக்குக் கிடைப்பது இரண்டாந்தரச் சேவை என்று நினைத்துவிட வேண்டாம்.

வேப்பமரம்:

எல்லோருக்கும் நன்றி. 17-ஆம் நாளைப் பார்த்தேன். செயலியைத் திறக்காமலே இருந்த ஐபோன் பயனர்களிடம் அதற்குப் பிறகு எந்தப் பதிவும் இல்லை. மற்ற ஐபோன் பயனர்கள் அடிக்கடி திறந்திருக்கிறார்கள், அவர்களிடம் சரிவு இல்லை.

இரண்டு கேள்வி. அடுத்த கட்டத்தில் இரு வகைப் போனும் வைத்துக்கொண்டு, செயலியின் பலன் போன் வகைக்கேற்ப மாறுகிறதா என்று நேரடியாகச் சோதிக்க முடியுமா? சர்வர் வசதி உடனே இல்லாத நிலையில் 64 வரம்பை எப்படிச் சமாளிப்பது?

எண்கணக்கன்:

சோதிக்கலாம், ஆனால் ஆள் பற்றாது. செயலியின் பலனைக் கண்டுபிடிக்கத் தேவையான எண்ணிக்கை ஒரு பங்கு என்றால், அதே அளவு பெரிய இடைவினையை, அதாவது பலன் போன் வகைக்கேற்ப மாறுவதை, கண்டுபிடிக்க ஏறக்குறைய நான்கு பங்கு வேண்டும். அதுவும் இரு போனும் சரிபாதியாக இருந்தால். உங்களிடம் ஐபோன் சிறு பங்காகத்தான் இருக்கும், அப்போது இன்னும் கூடும்.

எனவே போன் வகையை அடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் செயலிக் குழு, ஒப்பீட்டுக் குழு என்று தனியாகக் குலுக்கிப் போடுங்கள். இரு குழுவிலும் ஐபோன் விகிதம் சமமாக வந்துவிடும், போனால் வரும் சாய்வு ஒப்பீட்டில் நுழையாது. போன் வகைப்படியான பலனைத் துணைப் பகுப்பாய்வாக, நம்பக இடைவெளியோடு, முன்கூட்டியே பதிவு செய்த திட்டத்தில் எழுதிப் போடுங்கள். முக்கிய முடிவு ஆறு மாத விடுதலாக இருக்கட்டும், 28 நாள் போதாது. விட்டதாகச் சொல்பவர்களுக்கு மூச்சில் கார்பன் மோனாக்சைடு பாருங்கள், 10 பி.பி.எம்.-க்குக் கீழே இருக்க வேண்டும். அது கடைசி ஒரு நாள் அளவுக்குத்தான் காட்டிக்கொடுக்கும், ஹான்ஸையும் பிடிக்காது, மெல்லுபவர்களுக்கு எச்சிலில் கோட்டினின் (உடலில் நிகோடின் சிதைந்து உண்டாகும் பொருள்) சோதனைதான். நிகோடின் சூயிங்கம் எடுப்பவர்களிடம் கோட்டினின் எப்படியும் இருக்கும், அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போனோடு இணைக்கும் ஊது கருவி வாங்கினால், 3.5 மி.மீ. துளையில் செருகும் பழைய வகையைத் தவிருங்கள். 2016-இல் வந்த ஐபோன் 7-இலிருந்து அந்தத் துளையே கிடையாது. புளூடூத் வகை என்றால் இரண்டு பக்கமும் ஒரே கருவி.

பின்னணிச்சேவை:

64-க்கு வழி சுலபம். நாலை மூணாக்குங்க. முதல் 14 நாள் நாளைக்கு 3, அது 42. அடுத்த 14 நாள் நாளைக்கு 1, அது 14. மொத்தம் 56, முழு 28 நாளும் ஒரே தடவையில குறிச்சு முடிச்சிடலாம். பெரும்பாலும் சறுக்குறது முதல் ரெண்டு வாரத்துலதான், அதனால முன்னாடி அதிகமா வைக்கிறது சிகிச்சைக்கும் பொருந்தும். மிச்சம் 8 இடம், சறுக்கினேன்னு குறிக்கிறவருக்கு அடுத்த ரெண்டு நாளைக்குக் கூடுதலா அனுப்ப வச்சுக்குங்க.

ஆண்ட்ராய்டுலயும் இதே 56-ஐயே வைங்க. அங்க இடம் இருக்குன்னு 112 அனுப்பினா, ரெண்டு போனும் ரெண்டு சிகிச்சை ஆயிடும், அப்புறம் எண்கணக்கன் சார் என்னைத்தான் திட்டுவார். விடும் தேதியைப் பயனர் மாத்தினா, பழைய அறிவிப்பு எல்லாத்தையும் ரத்து செஞ்சுட்டுத்தான் புதுசு குறிக்கணும். அதை விட்டுட்டா ஐபோன்ல பழையதும் புதுசும் சேர்ந்து 64-ஐத் தாண்டி, கடைசி வாரம் மறுபடி காணாம போயிடும்.